நீமேயரின் விருந்தினர் மாளிகையில் ஒரு தச்சுப் பட்டறை

லெபனானின் இரண்டாவது பெரிய நகரம் ட்ரிப்போலி. லிபியாவின் தலைநகருக்கும் இதே பெயர்தான். நாம் பேசப்போவது பெய்ரூட்டுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தள்ளிக் கடலோரத்தில் இருக்கும் ட்ரிப்போலியைப் பற்றி. ஒரு பக்கம் மம்லூக் சுல்தான்கள் காலத்து மசூதிகளும் கடைத்தெருக்களும் நிறைந்த பழைய நகரம். இன்னொரு பக்கம் அல் மினா என்ற துறைமுகப் பகுதி. இரண்டுக்கும் நடுவில், முட்டை வடிவில், 70 ஹெக்டேர் பரப்பில் ஒரு பொருட்காட்சி வளாகம் கிடக்கிறது. வரைந்தவர் பிரேசிலியக் கட்டடக்கலைஞர் ஆஸ்கர் நீமேயர். உள்ளே பதினைந்து கட்டடங்கள் வரை இருக்கும். கட்டப்பட்டது எதற்காகவோ அதற்காக அந்த வளாகம் முழுமையாக ஒரு நாள்கூடப் பயன்பட்டதில்லை.

அந்தப் பதினைந்தில் ஒன்று, அளவில் சிறியது, விருந்தினர் மாளிகை. 2018-இல் அது தச்சர்களுக்கான பட்டறையாகவும் வடிவமைப்புக் கூடமாகவும் உயிர்பெற்றது. 2022-இல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. போரில் சிதைந்த நவீனக் கட்டடங்களை என்ன செய்வது என்ற கேள்வி இன்று உக்ரைனிலிருந்து காசா வரை எழுந்து நிற்கும்போது, இந்தச் சிறிய வேலையை நிதானமாகப் பார்ப்பது பயன் தரும் என்று நினைக்கிறேன்.

பின்னணியிலிருந்து தொடங்கலாம். 1960-களின் தொடக்கத்தில் லெபனானின் அதிபராக இருந்தவர் ஃபுவாத் ஷெஹாப். வளர்ச்சி முழுவதும் பெய்ரூட்டிலேயே குவிகிறது, மற்ற ஊர்கள் பின்தங்குகின்றன என்பது அவர் காலத்து அரசின் கவலை. வடக்கே ட்ரிப்போலியில் ஒரு சர்வதேசப் பொருட்காட்சி வளாகம் கட்டினால் அந்த ஊரும் எழும் என்று முடிவானது. பிரேசிலியா நகரத்தின் பெரிய கட்டடங்களை வடிவமைத்து உலகப் புகழ் பெற்றிருந்த நீமேயரை 1962-இல் அழைத்தார்கள். அவர் போட்ட திட்டத்தின் முதுகெலும்பு ஒரே ஒரு கூரை. 750 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம், பூமராங் போல மெல்ல வளைந்து செல்லும் கூரை. நாடுகள் தனித்தனியாகப் பகட்டுக் கூடாரங்கள் கட்டிப் போட்டி போடாமல், எல்லாரும் அந்த ஒரே கூரையின் நிழலில் கடை விரிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதைச் சுற்றிக் குவிமாட வடிவில் ஒரு அரங்கு, கூர்முனை வளைவுகள் சூழ்ந்த லெபனான் கூடம், திறந்தவெளி அரங்கு, நீர்த்தொட்டிக் கோபுரம், மாதிரிக் குடியிருப்பு, பிறகு இந்த விருந்தினர் மாளிகை.

பணம் இழுபறியானது, வேலை மெதுவாக நகர்ந்தது. 1975-இல் ஏறக்குறைய முடியும் தறுவாயில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. பதினைந்து ஆண்டுப் போர். சிரிய ராணுவம் வளாகத்துக்குள் முகாமிட்டது. பிற்பாடு வளாகத்துக்கு வைக்கப்பட்ட பெயரும் போர் தந்த பெயர்தான்: ட்ரிப்போலியைச் சேர்ந்த பிரதமர் ரஷீத் கராமி 1987-இல் ஹெலிகாப்டரில் வைத்த குண்டு வெடித்துக் கொல்லப்பட்டார், அவர் நினைவாகவே இன்று இது ரஷீத் கராமி சர்வதேசப் பொருட்காட்சி வளாகம்.

போர்ச் சேதம் என்றதும் நம் மனக்கண்ணில் வருவது குண்டு துளைத்த சுவரும் சரிந்த மாடியும். அந்தச் சேதம் கண்ணுக்குத் தெரியும், படம் பிடிக்கலாம், கணக்குப் போடலாம். ட்ரிப்போலியில் நடந்த சேதத்தில் பெரும்பகுதி வேறு வகை. பாதியில் நின்ற கட்டடத்தைப் பராமரிக்க யாருக்கும் பொறுப்பு இல்லை. மழைநீர் எங்கே தேங்குகிறது என்று பார்க்க ஆள் இல்லை. போர் முடிந்த பிறகு பணம் பெய்ரூட்டின் நடுநகருக்குப் போனது. அரை நூற்றாண்டு காலம் கடற்காற்று மட்டும் தவறாமல் வேலைக்கு வந்தது.

கடற்காற்று கான்கிரீட்டை என்ன செய்யும் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். புதுக் கான்கிரீட்டுக்குக் காரத்தன்மை மிக அதிகம். அந்தக் காரத்தினால் உள்ளே இருக்கும் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உருவாகி, துருப் பிடிக்காமல் காக்கிறது. காற்றில் உள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் கான்கிரீட்டுக்குள் மெல்ல ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே போகும். கடலோரம் என்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தையே உடைத்துவிடும். அதன் பிறகு கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். உள்ளே இடம் ஏது? கான்கிரீட் வெடித்து, பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். பட்டினப்பாக்கத்திலோ எண்ணூரிலோ பழைய அடுக்குமாடிகளின் பால்கனி அடியில் துருக்கம்பி பல்லிளித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் எவ்வளவு கான்கிரீட் இருக்கிறது என்பதை நம் மேஸ்திரிகள் 'கவர்' என்பார்கள். அந்தக் காலத்து நவீனக் கட்டடங்களில் பலவற்றுக்கு இந்தக் கவர் குறைவு. எவ்வளவு மெல்லியதாக, எவ்வளவு தூரம் தாங்கல் இல்லாமல் நீட்ட முடியும் என்று காட்டுவதில் அந்தத் தலைமுறைக்கு ஆசை அதிகம். அழகுக்குக் காரணமான அதே மெல்லிசுதான் இன்று பலவீனம்.

சரி, பெயர்ந்த இடத்தில் சிமென்ட் பூசிவிட்டால் போதாதா? சுண்ணாம்புச் சுவரில் ஒட்டுப் போட்டு வெள்ளையடித்தால் தெரியாது. நீமேயர் மாதிரியானவர்களின் கான்கிரீட்டுக்கோ மேல்பூச்சே கிடையாது. சென்ட்ரிங் பலகையின் வரிகள் பதிந்த மேற்பரப்புதான் கட்டடத்தின் முகம். அதில் போடும் ஒவ்வொரு ஒட்டும், நிறமும் மணலும் ஜல்லியும் பொருந்தாவிட்டால் தழும்பாகத் தெரியும். உப்பு ஏறிய பகுதியை முழுக்க வெட்டி எடுக்காமல் மேலே மட்டும் பூசினால், ஒட்டுக்குப் பக்கத்திலேயே புதிதாகத் துரு கிளம்பும். அதனால்தான் அமெரிக்காவின் கெட்டி அறக்கட்டளை நவீனக் கட்டடங்களைக் காக்கவென்றே ஒரு நிதித் திட்டம் வைத்திருந்தபோது, 2018-இல் ட்ரிப்போலி வளாகத்துக்குக் கொடுத்த பணம் செப்பனிடுவதற்கு அல்ல, ஆய்வு செய்து பாதுகாப்புத் திட்டம் வகுப்பதற்கு. எதை வெட்டுவது, எதை விடுவது என்று தெரியாமல் கை வைப்பது கெடுதல்.

இதில் சட்டத்தின் பங்கும் உண்டு. லெபனானின் தொல்பொருள் சட்டம் 1933-இல் பிரெஞ்சு ஆட்சியின்போது வந்தது. 1700-க்கு முற்பட்டவையே அதன்படி தொல்பொருள். அப்படியானால் 1960-களில் கட்டிய வளாகத்துக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. பக்கத்திலுள்ள மம்லூக் மசூதியின் ஒரு கல்லை நகர்த்த அனுமதி வேண்டும். நீமேயரின் மாதிரிக் குடியிருப்பை உருமாற்ற அது தேவைப்படவில்லை. உண்மையிலேயே அது நடந்தது. மாதிரிக் குடியிருப்புக் கட்டடம் 2000-த்தை ஒட்டி ஹோட்டலாக மாற்றப்பட்டபோது அதன் பழைய முகம் பெரும்பாலும் போய்விட்டது. அதற்குப் பின்னர் வளாகத்தையே கேளிக்கைப் பூங்காவாக்கும் யோசனையும் கிளம்பியது. உள்ளூர்க் கட்டடக்கலைஞர்களும் குடிமக்களும் எதிர்த்தார்கள். உலக நினைவுச்சின்ன நிதியம், அழியும் ஆபத்திலுள்ள 100 இடங்களின் 2006-ஆம் ஆண்டுப் பட்டியலில் இந்த வளாகத்தைச் சேர்த்தது அந்தச் சூழ்நிலையில்தான்.

ஒரு சிறிய கட்டடம், ஒரு தொழில்

ட்ரிப்போலிக்கு ஒரு பழைய பெருமை உண்டு: மரச்சாமான். கட்டில், மேசை, நாற்காலி, செதுக்கு வேலை என்று குடும்பம் குடும்பமாகச் செய்துவந்த தச்சுப் பட்டறைகள் அங்கே ஏராளம். போரும், மலிவான இறக்குமதிச் சாமான்களும் அந்தத் தொழிலை நொடிக்க வைத்தன. போதாததற்கு பாப் அல் தப்பானே, ஜபல் மொஹ்சென் என்ற இரண்டு அண்டைப் பகுதிகளுக்கு நடுவே 2008-இலிருந்து 2014 வரை விட்டுவிட்டுத் துப்பாக்கிச் சண்டை. வேலையில்லாத இளைஞர்கள் நிறைந்த ஊர். ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில், பிரான்சின் வளர்ச்சி உதவி அமைப்பு நடத்திய திட்டம் ஒன்று, இந்தத் தச்சுத் தொழிலைத் தூக்கி நிறுத்த ஒரு பொது இடம் தேடியது. வடிவமைப்பாளர்களும் தச்சர்களும் சந்திக்க, மாதிரிகள் செய்து பார்க்க, தனியொரு பட்டறையால் வாங்க முடியாத இயந்திரங்களைப் பகிர்ந்துகொள்ள ஓர் இடம். அது விருந்தினர் மாளிகைக்குள் வந்தது. பெயர் மின்ஜாரா.

கட்டடத்தைச் செப்பனிட்டவர்கள் பெய்ரூட்டைச் சேர்ந்த ஈஸ்ட் ஆர்க்கிடெக்சர் ஸ்டுடியோ. நிக்கோலா ஃபயாத், சார்ல்ஸ் கெத்தானே என்ற இரண்டு இளம் கட்டடக்கலைஞர்கள் அதன் நிறுவனர்கள். அவர்கள் செய்ததைவிடச் செய்யாமல் விட்டதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இந்த மாளிகை வெளியிலிருந்து பார்த்தால் தாழ்வான, மூடிய பெட்டி. ஜன்னல் வைத்து முகம் காட்டும் கட்டடம் இல்லை. உள்ளே போனால் நடுவில் முற்றம். வெளிச்சம் அங்கிருந்து நுழைந்து அறைகளுக்குப் பரவுகிறது. பட்டறை என்றால் வெளிச்சம் வேண்டும், காற்று வேண்டும், வெளிச்சுவரில் பெரிய திறப்புகள் போட்டுவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர்கள் சுவரை உடைக்கவில்லை. முற்றத்தையும் மேலிருந்து வரும் வெளிச்சத்தையும் நம்பி அறைகளை அமைத்தார்கள்.

அறைகளைப் பிரிக்கக் கட்டுச்சுவர் எழுப்பாமல், மெல்லிய எஃகுச் சட்டமும் கண்ணாடியும் கொண்ட தடுப்புகளை நிறுத்தினார்கள். நாளை இங்கே தச்சுப் பட்டறை வேண்டாம், நூலகம் வேண்டும் என்று ஊர் முடிவு செய்தால், அந்தத் தடுப்புகளைக் கழற்றி எடுத்துவிடலாம். நீமேயரின் கட்டடம் அடியில் அப்படியே இருக்கும். பழைமைப் பாதுகாப்பில் இருப்பவர்கள் 'திரும்பப் பெறக்கூடிய தலையீடு' என்று சொல்வது இதைத்தான். கண்ணாடித் தடுப்பு என்பதால் நுழையும்போதே பழைய கூடம் எவ்வளவு தூரம் நீள்கிறது என்று முழுசாகத் தெரிகிறது. எது 1960-களின் கான்கிரீட், எது 2018-இன் எஃகு என்பதிலும் குழப்பம் வராது.

இன்னொன்றும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இவர்கள் வளாகம் முழுவதற்கும் ஒரு மகாத் திட்டம் வரும்வரை காத்திருக்கவில்லை. 750 மீட்டர் கூரையைக் காப்பாற்ற எத்தனை கோடி வேண்டும், யார் கொடுப்பார்கள் என்ற கேள்வி முப்பது ஆண்டுகளாக அப்படியே நின்றது. பதினைந்தில் ஒன்றை எடுத்து, அதற்குப் பொருந்திய ஒரு தொழிலைக் கொண்டுவந்து வைத்தார்கள். கட்டடத்தை மீட்பது என்றால் அதற்கு ஒரு தினசரி வேலையைக் கண்டுபிடிப்பது என்றே நான் புரிந்துகொள்கிறேன். தினமும் ஆள் வந்துபோகும் இடத்தில் கூரை ஒழுகினால் அந்த வாரமே தெரிந்துவிடும். பூட்டிய கட்டடத்தில் பத்து வருடம் கழித்துத்தான் தெரியும். அப்போது கம்பி போயிருக்கும்.

தழும்பை வைத்துக்கொள்வதா?

போர் தொட்ட கட்டடங்களைப் பற்றிய பேச்சில் இந்தக் கேள்வி எப்போதும் எழும். பெய்ரூட்டின் சோதெகோ சந்திப்பில், போர்க்காலத்தில் நகரைக் கிழக்கும் மேற்குமாகப் பிரித்த 'பச்சைக் கோட்டின்' மேல், பரகாத் கட்டடம் நிற்கிறது. 1920-களில் மஞ்சள் மணற்கல்லில் கட்டிய குடியிருப்பு. நாற்புறமும் பார்வை போகும் அதன் அமைப்பைக் குறிசுடுவோர் பயன்படுத்திக்கொண்டார்கள். இடிக்கவிருந்ததைக் கட்டடக்கலைஞர் மோனா ஹல்லாக் முதலானோர் போராடித் தடுத்தார்கள். 2003-இல் நகராட்சி கையகப்படுத்தியது. யூசுஃப் ஹைதர் அதைச் செப்பனிட்டபோது குண்டுத் துளைகளையும், குறிசுடுவோர் அடுக்கிய தடுப்புகளையும் அழிக்காமல் விட்டார். நினைவைக் காப்பதில் அது துணிச்சலான வேலை. அன்றாட வாழ்வு அங்கே அதே அளவுக்குக் குடியேறவில்லை. அவ்வப்போது கண்காட்சி, மற்ற நேரங்களில் நீண்ட மௌனம்.

நேர் எதிர் அனுபவம் 'முட்டை' என்று மக்கள் அழைக்கும் பெய்ரூட் திரையரங்கு. ஜோசஃப் ஃபிலிப் கரம் 1960-களில் வடிவமைத்தது. போரில் சிதைந்து, செப்பனிடாமல் நின்றது. 2019 அக்டோபரில் மக்கள் எழுச்சி வெடித்தபோது இளைஞர்கள் உள்ளே புகுந்து, பொருளாதாரம் பற்றி உரைகள் நடத்தினார்கள், படம் திரையிட்டார்கள். ஒரு மூட்டை சிமென்ட் செலவில்லாமல் அது சில வாரங்கள் ஊர்ச் சபையாக இருந்தது. பிறகு மறுபடி அடைபட்டது. ஆள் இருந்தும் அமைப்பு இல்லாவிட்டால் அவ்வளவுதான் நீடிக்கும்.

பொஸ்னியத் தலைநகர் சரயேவோவின் வரலாற்று அருங்காட்சியகம் இந்த இரண்டு அனுபவங்களுக்கும் நடுவே நிற்கிறது. 1963-இன் கண்ணாடியும் கல்லுமான அழகிய நவீனக் கட்டடம். 1992 முதல் 1996 வரை நடந்த முற்றுகையின்போது குறிசுடுவோர் சந்து என்று பேர் வாங்கிய சாலையோரத்தில் அடிவாங்கியது. முழுமையாகச் செப்பனிடப் பணம் வரவில்லை. ஆனால் முற்றுகைக் காலத்தில் மக்கள் தகரத்தில் செய்துகொண்ட அடுப்புகள் போன்ற பொருள்களை நகரத்தாரிடமிருந்தே சேகரித்து ஒரு நிரந்தரக் கண்காட்சி வைத்தார்கள். ஒழுகும் கூரையின் கீழேயே அது நடந்தது. ஊர் அதைத் தன் இடமாக நினைக்க அந்த அடுப்புகள் காரணம்.

யாழ்ப்பாணம் பொது நூலகத்தை இங்கே நினைக்காமல் எழுத முடியவில்லை. நவீனக் கட்டடம் அல்ல, இந்தோ-சரசனிக் பாணி. ஆனால் கேள்வி இதேதான். 1981-இல் எரிக்கப்பட்ட பிறகு, எரிந்த பகுதியை அப்படியே நினைவுச்சின்னமாக விட வேண்டும் என்றும், பழையபடி கட்டியெழுப்ப வேண்டும் என்றும் இரு தரப்பு இருந்தது. வெள்ளை பூசிப் பழையபடி நிறுத்தியபோது, தழும்பை மறைத்துவிட்டார்கள் என்ற வருத்தம் பலருக்கு. நியாயமான வருத்தம். அதே வேளையில் இன்று அங்கே பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பதற்கும் எடை உண்டு. என் சார்பு, தழும்பில் ஒரு பகுதியை வெளிப்படையாக விட்டுவிட்டு மீதிக் கட்டடத்தை உழைக்கவிடுவது.

பசுமை என்ற கணக்கு

உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. ட்ரிப்போலியின் அந்தப் பெரும் கூரைக்கும் தூண்களுக்கும் உண்டான மாசு அரை நூற்றாண்டுக்கு முன்பே காற்றில் கலந்துவிட்டது. இடித்துப் புதிதாகக் கட்டினால் அதே விலையை இரண்டாம் முறை கொடுக்க வேண்டும். புதுக் கட்டடம் எவ்வளவு சிக்கனமாக மின்சாரம் செலவழித்தாலும் அந்தக் கடனை அடைக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். எனவே இருக்கும் எலும்புக்கூட்டை உழைக்க வைப்பதுதான் முதல் சிக்கனம்.

அடுத்தது வெயிலும் மின்சாரமும். 2019-இல் தொடங்கிய பொருளாதாரச் சரிவுக்குப் பின் லெபனானில் அரசு மின்சாரம் ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான் வந்தது. குளிர்சாதனத்தை நம்பிப் புதுப்பித்த கட்டடம் எதுவும் அந்த நாள்களில் திண்டாடியிருக்கும். முற்றம், நிழல், தடித்த மூடிய சுவர் ஆகியவை மின்வெட்டிலும் வேலை செய்யும். முற்றத்தை அடைத்துக் கூடுதல் அறை எடுக்காமல் விட்டதன் மதிப்பு அங்கே தெரியும். நாடெங்கும் வீட்டு மாடிகளில் சூரியத் தகடுகள் முளைத்துவிட்டன. வளாகத்திலும் அவை வரலாம், வரவும் வேண்டும். ஆனால் நீமேயரின் கூரை விளிம்புகள் மேல் வேண்டாம், வாகனம் நிறுத்துமிடத்து நிழற்பந்தல்கள் மேல் போடலாம்.

இதையெல்லாம்விடக் கடினமானது பராமரிப்புப் பணம். நன்கொடை திறப்பு விழா வரை வரும். அதற்குப் பிறகு கண்ணாடித் தடுப்பின் ரப்பர் மாற்ற, மழைநீர்க் குழாய் அடைப்பு எடுக்க, இயந்திரத்துக்கு எண்ணெய் போட மாதாமாதம் யார் கொடுப்பது? பட்டறைக்குச் சாதகம் என்னவென்றால், அங்கே ஏதோ ஒன்று செய்து விற்கப்படுகிறது. வாடகையோ கட்டணமோ சிறிதாவது திரும்பி வர வழி உண்டு. அருங்காட்சியகமாக மட்டும் மாற்றியிருந்தால் முழுச் சுமையும் ஏற்கெனவே திவாலான அரசின் தலையில்தான்.

2023 ஜனவரி 25 அன்று யுனெஸ்கோ இந்த வளாகத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதே நாளில் ஆபத்திலுள்ள மரபுரிமைகளின் பட்டியலிலும் சேர்த்தது. உக்ரைனின் ஒதேசா நகரமும் யேமனின் மாரிபும் கூடவே இடம் பிடித்தன. சிதைந்த நிலை, நிதிப் பற்றாக்குறை, வளாகத்தின் ஒருமையைக் குலைக்கக்கூடிய திட்டங்கள் வரும் அபாயம் ஆகியவையே காரணங்கள். பட்டியல் பாதுகாப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. உக்ரைனின் கார்கிவ் நகரத்தில் 1920-களில் கட்டிய டெர்ஷ்ப்ரோம் கட்டடத்துக்கு யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் தற்காலிக உயர்நிலைப் பாதுகாப்பு அளித்தது. 2024 அக்டோபரில் ரஷ்யக் குண்டு அதன் ஒரு பகுதியைத் தகர்த்தது.

ட்ரிப்போலியில் அடுத்து எந்தக் கட்டடத்தில் கை வைப்பது? பெருங்கூரைக்கு இப்போதைக்கு வேண்டியது, பெயர்ந்து விழும் துண்டுகளைப் பிடித்து நிறுத்தும் அவசர வேலை மட்டும். பயன்பாட்டைப் பற்றிய பேச்சு பின்னால் வரலாம். குவிமாட அரங்குக்கு எதிரொலி அதிகம், அதைச் சீராக்குவது செலவு பிடிக்கும். லெபனான் கூடத்தைத்தான் நான் முதலில் சொல்வேன். சுற்றிலும் வளைவுகள் திறந்திருப்பதால் அங்கே சுவர் எழுப்பத் தேவையில்லை, குளிர்சாதனம் தேவையில்லை. வாரச் சந்தை நடத்தலாம், பள்ளிப் பிள்ளைகளின் கண்காட்சி வைக்கலாம், மின்ஜாராவில் செய்த நாற்காலிகளை அங்கேயே விற்கலாம். அதற்கு முன்னால் பெய்ரூட்டில் நாடாளுமன்றம் 1700 என்ற அந்த எல்லைக்கோட்டை நகர்த்த வேண்டும்.